35,000 ரூபாய்க்குள் கிராபிக்ஸ் கார்டு: கல்யாண வீடியோ, பையனின் கேம், கொஞ்சம் பிளெண்டர்

தக்கலை கேமரா

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், புதுநன்மை, கோயில் கொடை, பள்ளி ஆண்டுவிழா, எது வந்தாலும் எடுப்போம். எடிட்டிங் இதுவரை ஒரு பழைய ஐ3 மெஷினில் ஓடியது, 4கே வந்ததிலிருந்து அது மூச்சு விடவில்லை. புதிதாக நானே அசெம்பிள் பண்ணலாம் என்று இருக்கிறேன். ஐ5 12400எஃப், பி660 போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 (ராம் விலை ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டேன், நல்லவேளை), 1 டிபி என்விஎம்இ. மானிட்டர் இப்போதைக்குப் பழைய 1080பி தான்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் என்பதால் எல்லாருக்கும் இதுதான். பகலில் என் எடிட்டிங், டாவின்சி ரிசால்வும் பிரீமியரும். ராத்திரி பிளஸ் டூ படிக்கும் பையன் கேம் ஆடுவான், படிக்கிறேன் என்றுதான் சொல்லுவான். தங்கச்சி மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள், அவளுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி எடுங்கள் என்கிறார்கள், இன்னொரு கடையில் 5060 8 ஜிபி என்கிறார்கள், மூன்றாவது கடையில் "எடிட்டிங்குக்கு 4 ஜிபி கார்டே தாராளம்" என்று ஏதோ ஒரு ஜிடி 730-ஐ எடுத்து நீட்டினார்கள். கார்டுக்கு மட்டும் 35,000 வரை போகலாம். எது எடுக்க?

மட்டிப்பழம்

அந்த மூன்றாவது கடைக்கு இனி போகவே போகாதீர்கள் அண்ணாச்சி. ஜிடி 730 வந்தது 2014-ல். மெமரி 4 ஜிபி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும், ஆனால் அது பெரும்பாலும் பழைய, மெதுவான டிடிஆர்3, உள்ளே இருக்கும் சிப் இன்றைய ப்ராசசர்களோடு சும்மா வரும் கிராபிக்ஸை விடப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மெமரி எவ்வளவு என்று மட்டும் பார்த்துக் கார்டு வாங்கினால் இப்படித்தான் தலையில் கட்டுவார்கள். ஜிடி 1030-லும் இதே கதை, ஒரே பெயரில் வேகமான ஜிடிடிஆர்5 மெமரி போட்டது ஒன்று, சாதா டிடிஆர்4 போட்டது ஒன்று. இரண்டாவது வேகத்தில் பாதிக்கு இறங்கிவிடும், பெட்டியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

3060 பழசுதான், 2021 பிப்ரவரியில் வந்தது, ஆனாலும் 12 ஜிபி இருக்கிறது. என் ஓட்டு அதற்கு.

ஆரல்வாய் காற்று

கார்டைப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு கேள்வி: கேமராவில் என்ன ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள்? 10 பிட் 4:2:2-வா, 4:2:0-வா? (கோப்பில் எவ்வளவு நிற விவரம் சேமிக்கிறது என்பதற்கான அளவு அது, 4:2:2-இல் கூடுதல்.)

தக்கலை கேமரா

சோனி. 10 பிட் 4:2:2 தான், 4கே. கலர் கரெக்‌ஷனில் பட்டுச்சேலையும் நகையும் உடையாமல் இருக்க வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறேன். இதற்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

ஆரல்வாய் காற்று

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. கேமரா எழுதும் ஹெச்.264, ஹெச்.265 கோப்பு சுருக்கப்பட்ட கோப்பு. டைம்லைனில் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்தாக வேண்டும். அதற்கென்றே கார்டுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது, கேம் ஆடும் பகுதி வேறு, இது வேறு. அந்தப் பகுதி உங்கள் ஃபார்மட்டைத் தெரிந்துவைத்திருந்தால் டைம்லைன் வழுக்கிக்கொண்டு போகும், தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் ப்ராசசர் தலையில் விழும், நீங்கள் எவ்வளவு விலையுள்ள கார்டு போட்டாலும் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும்.

என்விடியாவின் 30 வரிசை, 40 வரிசை இரண்டுமே 4:2:2-ஐ ஹார்டுவேரில் விரிக்காது. அதாவது 3060 வாங்கினாலும் சரி, 4090 வாங்கினாலும் சரி, உங்கள் கல்யாண ஃபுட்டேஜுக்கு அந்தப் பகுதி சும்மா கிடக்கும். 4:2:2 வந்தது 2025-ல் வெளியான 50 வரிசையில்தான். ஏஎம்டி கார்டுகளிலும் இது கிடையாது. ஆனால் இன்டெல் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், குயிக் சிங்க் என்பார்களே, அது டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே ஹெச்.265 4:2:2-ஐ விரிக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் 12400எஃப்-இல் அந்த கிராபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கும், எஃப் என்ற எழுத்துக்கு அதுதான் பொருள். எஃப் இல்லாத 12400 வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். கடைக்காரர்கள் எல்லாருக்கும் எஃப் போட்டுத் தருவது கேம் ஆடுகிறவர்களை மனதில் வைத்து.

இன்னொன்று. தனிக் கார்டு செருகியதும் பல போர்டுகள் ப்ராசசர் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில் (மெஷின் துவங்கும்போது திறக்கும் போர்டு செட்டிங்) ஐஜிபியு மல்டி மானிட்டர் என்று ஒரு வரி இருக்கும், அதை இயக்கி வையுங்கள். அப்புறம் பிரீமியரிலும் ரிசால்வ் ஸ்டுடியோவிலும் செட்டிங்கில் இன்டெல் டிகோடிங்கை, அதாவது விரிக்கும் வேலையை இன்டெலுக்குக் கொடுப்பதை, தேர்ந்தெடுக்க வேண்டும்.

மட்டிப்பழம்

இது எனக்கே புதுசு. அப்படியானால் 12400 வாங்கிவிட்டு கார்டே இல்லாமல் ஓட்டலாமா?

ஆரல்வாய் காற்று

வெட்டி ஒட்டுவதற்கு ஓட்டலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன், கலர் கிரேடிங், ஸ்டெபிலைசேஷன் என்று ரிசால்வில் ஏறினால் அங்கே கார்டுதான் வேலை செய்யும், 4கே-யில் அது மெமரியையும் நன்றாகச் சாப்பிடும். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் ராத்திரி ரிசப்ஷன் எடுத்தவர்களுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாமல் முடியாது. 8 ஜிபியில் "மெமரி நிறைந்துவிட்டது" என்று ரிசால்வ் நிற்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். பையனும் தங்கச்சி மகளும் வேறு இருக்கிறார்கள்.

குழித்துறை ரேடியான்

எல்லாரும் என்விடியா என்விடியா என்கிறீர்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி இருக்கிறது, 2025 ஜூனில் வந்தது, 160 வாட் தான், 5060 டிஐ 16 ஜிபியை விட விலை குறைவு. 1080பி-யில் பையன் எந்த கேம் ஆடினாலும் தாங்கும், 1440பி மானிட்டர் பிறகு வாங்கினாலும் தாங்கும். 4:2:2-ஐ 12400 பார்த்துக்கொள்ளும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எதற்கு என்விடியாவுக்குக் கூடுதல் காசு? எனக்கு லினக்ஸும் ஓட வேண்டும் என்பதால் ஏஎம்டி தவிர வேறு பார்ப்பதில்லை, டிரைவர் கெர்னலிலேயே வந்துவிடும், தனியாக ஒன்றும் போட வேண்டாம்.

தோவாளை 3டி

பிளெண்டருக்காக நான் சொல்கிறேன். அதன் சைக்கிள்ஸ் ரெண்டரிங்கில் (3டி காட்சியைப் படமாக்கும் வேலை) கார்டை இயக்கும் மென்பொருளில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் ஏஎம்டியின் ஹிப்-ஐ விட வேகம். விலைக்கு விலை வைத்துப் பார்த்தாலும் வேகம். ஆர்க்கிடெக்சர் பிள்ளைகள் ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுக் காலையில் ரிவியூவுக்கு ஓடுவார்கள், அங்கே ஒரு மணி நேரம் மிச்சம் என்றால் பெரிய விஷயம். ஏஎம்டியில் ஓடாது என்று சொல்லவில்லை, ஓடும். ஆனால் கல்லூரியில் வேறு எந்த ரெண்டர் மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தாலும் அது முதலில் என்விடியாவின் கியூடாவில்தான் நன்றாக ஓடும். காட்சியில் மரம், புல், செடி என்று நட ஆரம்பித்தால் 8 ஜிபி பற்றாது, அதனால் 5060 8 ஜிபி எனக்குப் பிடிக்கவில்லை.

இன்டெல் ஆர்க் பி580-ஐ யாரும் சொல்லவில்லையே? 12 ஜிபி, 2024 டிசம்பரில் வந்தது, ஹெச்.265 4:2:2-ஐ அதுவே விரிக்கும், விலையும் பட்ஜெட்டுக்குள். எடிட்டிங் மட்டும் செய்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இயக்கியாக வேண்டும், பழைய ப்ராசசரோடு போட்டால் கேமில் திணறும், 12400 என்றால் ஓரளவு சமாளிக்கும். பிளெண்டரில் இதுவும் என்விடியாவுக்குப் பின்னால்தான்.

தக்கலை கேமரா

அண்ணே, ஒரு சந்தேகம். கேமரா மெனுவில் இப்போதுதான் பார்த்தேன். என் கேமராவில் எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் என்று இருக்கிறது. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டாவது கேமராவாக வரும் தம்பி எக்ஸ்ஏவிசி எஸ் 4கே-யில் எடுக்கிறான், அவனும் 4:2:2 10 பிட் தான். இரண்டும் ஒன்றுதானா?

ஆரல்வாய் காற்று

ஒன்றில்லை. ஹெச்எஸ் என்றால் ஹெச்.265, வெறும் எஸ் என்றால் ஹெச்.264. 12400-இன் குயிக் சிங்க் ஹெச்.265 4:2:2-ஐ மட்டும்தான் விரிக்கும், ஹெச்.264 4:2:2 அதற்கு ஆகாது. தம்பியின் ஃபுட்டேஜ் மட்டும் ப்ராசசர் தலையில்தான் விழும். மூன்று வழி இருக்கிறது. அந்தத் தம்பியை ஹெச்எஸ்-க்கு மாறச் சொல்லலாம், காசில்லாத வழி, ஆனால் அவருடைய வீட்டு மெஷின் அதைத் தாங்குமா என்று அவர் கேட்பார். ப்ராக்ஸி போட்டு எடிட் பண்ணலாம், அதாவது முதலில் எல்லா கிளிப்பையும் சின்னதாக மாற்றி வைத்துக்கொண்டு வெட்டுவது. அது நேரத்தைத் தின்னும், டிஸ்க்கையும் தின்னும், முகூர்த்த நாள் அடுத்தடுத்து வந்தால் பொறுமை போய்விடும். மூன்றாவது 50 வரிசை, அது ஹெச்.264, ஹெச்.265 இரண்டிலும் 4:2:2-ஐ விரிக்கும்.

கேள்வி மாறிவிட்டதால் என் பதிலும் மாறுகிறது. இரண்டு கேமராவும் இப்படியே இருக்கப் போகிறது என்றால் 3060-ஐ விட்டுவிடுங்கள். 5060 டிஐ 16 ஜிபி. பட்ஜெட்டைத் தாண்டும், தெரியும். 5060 டிஐ-யிலும் 8 ஜிபி ஒன்று அதே பெயரில் விற்கிறார்கள், பில்லில் 16 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குழித்துறை ரேடியான்

பட்ஜெட் 35 என்றார் மனுஷன், நீங்கள் இழுத்துக்கொண்டே போகிறீர்கள். ஒரு தம்பி கேமராவில் ஒரு மெனுவை மாற்றுவதற்கு இவர் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா? நல்ல கணக்கு.

ஆரல்வாய் காற்று

மெனுவை மாற்றினால் என் பரிந்துரையும் இறங்கிவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வரும் இரண்டாவது கேமரா எப்போதும் அதே ஆள் இல்லையே. இந்த ஞாயிறு ஒருத்தர், அடுத்த ஞாயிறு வேறொருத்தர், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு செட்டிங். வருகிற கோப்பை எல்லாம் அப்படியே விழுங்கும் மெஷின் இருந்தால் ராத்திரி தூங்கலாம்.

குலசேகரம் மழை

கார்டைப் பற்றி எல்லாரும் பேசியாயிற்று, கரண்டைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எங்கள் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி இல்லாத நாள் குறைவு. கரண்ட் போய்ப் போய் வரும். 600 விஏ யுபிஎஸ் என்று கடையில் கொடுப்பதெல்லாம் 360 வாட் தாங்குகிறவை. 5060 டிஐ 180 வாட் எடுக்கும், 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை போகும், போர்டு, ஃபேன், டிஸ்க், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் 360-ஐத் தாண்டிவிடும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்காமல் மெஷின் அப்படியே அணையும், அப்புறம் யுபிஎஸ் எதற்கு? 1000 விஏ, 600 வாட் என்று எழுதியதாக வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்-இல், அதாவது கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியில், காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐக் கழற்றி வைத்துவிடுங்கள். 5060 டிஐ-க்கு என்விடியா 600 வாட் சொல்கிறது, நீங்கள் 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சிக்கனத் தரச்சான்று), பெயர் பெற்ற கம்பெனியாக எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் தானா என்று பாருங்கள், ஸ்கொயர் வேவில் சில நல்ல எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் ஒயர் எங்கும் போயிருக்காது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபைபர் நெட்டின் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது என்பது உண்மை, ஆனால் நெட் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரும் அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் கேபிளும் செம்புதான். பலர் கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

முட்டம் அலை

தக்கலை கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, அவ்வளவு பயமில்லை. குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உப்புக்காற்று கார்டைத் தின்றுவிடும். கடற்கரை பார்த்த ஜன்னலோரம் கேபினட்டை வைக்காதீர்கள். முதலில் பின்னால் தெரியும் ஸ்லாட் தகடும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும், அப்புறம் ஹீட்சிங்க். மாதக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைத்தால் இன்னும் மோசம், ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் சூட்டிலேயே ஈரம் தங்காது. எனக்கு வாரண்டி இருந்த கார்டு ஒன்று செத்தது, சர்வீஸ் சென்டரில் துருவைக் காட்டி முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாரண்டிச் சீட்டில் துருப்பிடித்தால் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் இருந்தது. இப்போது மாதம் ஒருமுறை புளோயர் போட்டுத் தூசி எடுக்கிறேன், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், சுற்ற விட்டு ஊதினால் பேரிங் போகும்.

வடசேரி பஸ்ஸ்டாண்டு

மக்கா, செகண்ட் ஹேண்டில் 3080 கிடைக்குமே? 5060 டிஐ கொடுக்கும் காசுக்குக் குறைவாக, அதைவிட பலமான கார்டு.

மட்டிப்பழம்

3080 320 வாட் குடிக்கும், குலசேகரத்துக்காரர் போட்ட யுபிஎஸ் கணக்கு எல்லாம் தலைகீழாகும். மெமரி 10 ஜிபி, 4:2:2-உம் கிடையாது. அதோடு 2020, 21-இல் விற்ற கார்டுகளில் எது வீட்டில் கேம் ஆடியது, எது ராப்பகலாகக் கிரிப்டோ மைனிங் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங் நின்றதும் அந்தக் கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. ஆன்லைனில் மலிவாக வரும் ஆர்எக்ஸ் 580-ஐயும் பார்த்து வாங்குங்கள், 2048எஸ்பி என்று பின்னால் ஒட்டியிருந்தால் அது வெட்டிக் குறைத்த சிப், உண்மையான 580-இல் 2304 கோர் இருக்கும். ஜிடிஎக்ஸ் 1060 போன்றவை இன்னும் ஓடும், ஆனால் 2025 அக்டோபரோடு அவற்றுக்குப் புது கேம் டிரைவர் நின்றுவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் வரும்.

வடசேரி பஸ்ஸ்டாண்டு

ஒரு நல்ல வழி சொன்னால் இத்தனை அடியா. சரி சரி.

எனக்கும் ஒரு கேள்வி: ரைசன் 5600ஜி, பி450 போர்டு வைத்திருக்கிறேன். இதில் 5060 போடலாமா?

தோவாளை 3டி

போடலாம், கொஞ்சம் வேகம் போகும். 5060-க்கு எட்டு லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு ஓடும் பாதை) தான், உங்கள் போர்டு பழைய, மெதுவான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. கார்டின் 8 ஜிபி நிறையாத வரை தெரியாது, நிறைந்தால் அந்த ஒடுக்கமான பாதையில் ராமுக்கும் கார்டுக்கும் ஓடி ஓடி ஃபிரேம் குதிக்கும். போர்டை பி550 ஆக்கினாலும் 5600ஜி-யே 3.0 தான், ஆகவே போர்டை மட்டும் மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். பதினாறு லேன் உள்ள 9060 எக்ஸ்டி உங்களுக்கு நல்லது, குழித்துறைக்காரர் சந்தோஷப்படுவார்.

களியக்காவிளை பார்டர்

எங்கே வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் ஸ்டாக் அதிகம், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று நம்மவர்கள் எல்லாம் அங்கே ஓடுவார்கள். வீட்டுக்கு வாங்கினால் சரி. ஸ்டுடியோ பெயரில் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கவனம். கார்டுக்கு 18 சதவீதம் வரி, 40,000-க்கு மேல் போகும் பொருளில் அது சின்னக் காசில்லை. அங்கே கவுண்டரில் கேரள எஸ்ஜிஎஸ்டி (ஜிஎஸ்டியில் மாநிலத்தின் பங்கு) போட்டு பில் அடித்துவிட்டால் தமிழ்நாட்டுப் பதிவில் அதைக் கழிக்க முடியாது. நாகர்கோவிலிலேயே வாங்கினால் முழுதும் கழிக்கலாம், கார்டு போனாலும் வடசேரிக்கு ஒரு பஸ் போதும். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள்.

தக்கலை கேமரா

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் விலை வித்தியாசமே சரியாகிவிடும் போல, ரொம்ப நன்றி.

முடிவு பண்ணிவிட்டேன். 12400, எஃப் இல்லாதது. 5060 டிஐ 16 ஜிபி. 650 வாட் எஸ்எம்பிஎஸ். பழைய கேபினட்டையே வைத்துக்கொள்கிறேன், அளந்து பார்த்தேன், இரண்டு ஃபேன் கார்டு உள்ளே போகும், மூன்று ஃபேன் போகாது. 1440பி மானிட்டர் அடுத்த வருஷம், பையன் முகம் சுருங்கிவிட்டது. தவக்காலத்தில் கல்யாணம் இருக்காது, அந்த இடைவெளியில் அசெம்பிள் பண்ணி எல்லாம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ரிசால்வ் இலவசப் பதிப்பே போதுமா, ஸ்டுடியோ வாங்க வேண்டுமா?

ஆரல்வாய் காற்று

வாங்குங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஸ்டுடியோ பதிப்பில்தான் இருக்கிறது, ஒருமுறை காசு கொடுத்தால் போதும், மாதச் சந்தா இல்லை. வாங்கும் வரை பிரீமியரில் ஓட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது இரண்டு கேமராவின் கிளிப்பும் ஒரு பென் டிரைவில் கொண்டு போங்கள். 50 வரிசைக் கார்டு போட்ட டெமோ மெஷின் ஏதாவது இருந்தால் பிரீமியரில் ஓட்டிப் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் என்று ஒரு கோடு ஓடும், அது மேலே ஏற வேண்டும், ப்ராசசர் கோடு கீழே இருக்க வேண்டும். அது படுத்துக் கிடந்து ப்ராசசர் மட்டும் நூறைத் தொட்டால் டிரைவர் பழசு, அல்லது செட்டிங் தவறு.

குழித்துறை ரேடியான்

தம்பி கேமராவில் மெனுவை மாற்றியிருந்தால் 9060 எக்ஸ்டியோடு மானிட்டருக்கும் பாதிக் காசு சேர்ந்திருக்கும், பையனும் சிரித்திருப்பான். சரி, உங்கள் இஷ்டம். அசெம்பிள் பண்ணியதும் போட்டோ போடுங்கள்.